முகாமும் ஆஃபர் லெட்டரும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பவானிசாகர் இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்த பையன் ஒருவன், மெக்கானிக்கல் முடித்தவன். கோவையில் ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வில் தேறிவிட்டான். சேருவதற்கு முன் ஆவணங்கள் கேட்டார்கள். 'நேஷனாலிட்டி' கட்டத்தில் இலங்கை என்று எழுதிக் கொடுத்த பிறகு அங்கிருந்து பதிலே இல்லை. ஆதார், பான், வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கிறது. அகதிகள் தனியார் வேலைக்குப் போகக் கூடாது என்று சட்டம் உண்டா? பையன் இப்போது அப்பாவோடு பெயின்ட் வேலைக்குப் போகிறான்.

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

'இவர் வேலை செய்யலாம்' என்று எடுத்துக் காட்ட ஒரு தாள் இல்லை. சிக்கல் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆகவே நம் சட்டத்தில் அகதி என்றொரு தனி வகை கிடையாது. அந்தப் பையன் வெறும் 'வெளிநாட்டவர்'. வேறு சில நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு நீண்டகால விசா கிடைக்கிறது, அதைக் காட்டித் தனியார் வேலைக்குப் போகலாம். இலங்கைத் தமிழர்களுக்கு அந்த விசா பொதுவாகத் தரப்படுவதில்லை. 2025 செப்டம்பரில் வந்த உள்துறை ஆணை, 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களைக் கடவுச்சீட்டு, விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கியது. நல்ல விஷயம். ஆனால் தண்டிக்க மாட்டோம் என்பது வேறு, வேலை கொடுக்கலாம் என்பது வேறு.

ஆதாரை நம்ப வேண்டாம். அது இங்கே வசிப்பவர் என்பதற்கான அட்டை, குடியுரிமைக்குச் சான்றல்ல. மனிதவளப் பிரிவில் இருப்பவர்களுக்கு அது தெரியும்.

அவர்கள் எங்கே தயங்குகிறார்கள் என்பதைப் பார்க்க வருங்கால வைப்பு நிதியின் படிவம் 11-ஐப் புரட்டினால் போதும். 'சர்வதேசத் தொழிலாளரா?' என்று ஒரு கேள்வி. ஆம் என்றால் நாடு, கடவுச்சீட்டு எண், அது செல்லுபடியாகும் காலம். முகாம் பிள்ளையிடம் எந்த நாட்டுக் கடவுச்சீட்டும் இல்லை. 'ஆம்' போட்டால் எண் கேட்கும், 'இல்லை' போட்டால் பொய்யாகிவிடுமோ என்று பயம். கூடவே பணக் கணக்கும் உண்டு. சாதாரண ஊழியருக்கு 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் கட்டி நிறுவனம் நிறுத்திக்கொள்ளலாம். சர்வதேசத் தொழிலாளருக்கு அந்த வரம்பு கிடையாது. 30,000 சம்பளம் என்றால் 3,600. ஆனால் விதியின் வாசகம், இந்தியக் கடவுச்சீட்டு அல்லாத வேறு கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஊழியர் என்கிறது. கடவுச்சீட்டே இல்லாதவர் அதில் எங்கே பொருந்துகிறார்? இந்தக் கேள்வியை எழுத்தில் வைப்பு நிதி மண்டல அலுவலகத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கச் சொல்லுங்கள். நிறுவனமே அனுப்பினால் இன்னும் நல்லது.

எக்காரணம் கொண்டும் 'இந்தியன்' என்று எழுத வேண்டாம். பின்னால் சரிபார்ப்பில் மாட்டினால் வேலையோடு போகாது, முகாம்களைக் கண்காணிக்கும் காவல்துறையின் கியூ பிரிவு வரை போகும். அதேபோலக் கடைசி நாள் வரை மறைத்து வைப்பதும் தவறு. முதல் சுற்று முடிந்ததுமே முகாம் அடையாள அட்டையின் நகலைக் கொடுத்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கிய வசிப்புக் கடிதத்தையும் சேர்த்துவிடுவது நல்லது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக ஆட்களை அங்கே அனுப்பும் நிறுவனங்களில் நேரத்தை வீணாக்க வேண்டாம். உள்ளூர் வார்ப்படத் தொழிற்சாலை, பம்ப் நிறுவனம், உதிரிபாகப் பட்டறை ஆகியவற்றில் முதலாளியே நேரில் முடிவெடுப்பார். அட்டையிலும் மதிப்பெண் சான்றிதழிலும் பெயர், தலைப்பெழுத்து ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். முகாம் பதிவுகளில் பெயரை எழுத்து மாற்றி எழுதியிருப்பது சகஜம்.

பெயின்ட் வேலை ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். முகாமில் குறித்த நாட்களில் ஆள் கணக்கெடுப்பு நடக்கும். அன்று இல்லாவிட்டால் உதவித்தொகை நிற்கும், தொடர்ந்து இல்லாவிட்டால் பதிவையே வெட்டிவிடுவார்கள். 2021-இல் உயர்த்திய பிறகு குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 ரூபாய். தொகை சிறிதுதான், பதிவு போனால் வீடும் போகும், அடையாளமும் போகும். ஆகவே இரண்டு நாள் விட்டுவிட்டுப் போகலாம் என்கிற தினக்கூலி வேலைதான் தோதுப்படுகிறது. கோவை வேலை உறுதியானால், அங்கே தங்குவதற்கு முன்பே, முகாம் விவகாரங்களைக் கவனிக்கும் தனித்துணை ஆட்சியரிடம் எழுத்து மூலம் அனுமதி கேட்டு, மனு கொடுத்த ரசீதை வைத்துக்கொள்ளட்டும்.

அரசு வேலைக்கு இப்போதைக்கு வழியில்லை. மத்தியத் தேர்வு விதிகளில் 'இலங்கையிலிருந்து குடியேறிய இந்திய வம்சாவளியினர்' என்றொரு வரி உண்டு. அதற்கு மத்திய அரசின் தகுதிச் சான்றிதழ் வேண்டும்.

இனி, இவை எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று. அவனுடைய அம்மாவோ அப்பாவோ எப்போது, எங்கே பிறந்தார்கள்? 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், முகாமில் பிறந்திருந்தாலும், பிறப்பால் குடிமகன். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு தரச் சொல்லி 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. பெற்றோரில் ஒருவர் அப்படிக் குடிமகனாக இருந்து, பையனும் 2004 டிசம்பர் 3-க்கு முன் இங்கே பிறந்திருந்தால் அவனும் குடிமகன்தான். வயதுக் கணக்கு பலருக்கு ஒத்துவராது, ஆனால் பார்க்காமல் விடக் கூடாது. குடும்பம் மலையகத்திலிருந்து, அதாவது இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியிலிருந்து வந்ததா என்றும் கேளுங்கள். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின் கீழ் தாத்தா இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்த தாளோ, அவர் பெயரில் இந்தியக் கடவுச்சீட்டோ ஏதாவது பெட்டியில் கிடக்கலாம். கிடைத்தால் லேமினேட் செய்ய வேண்டாம். நகலெடுத்துக்கொண்டு அசலோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.