நீரிழிவு உள்ள பெண்கள் கருப்பைக்குள் பொருத்தும் கருத்தடைச் சாதனத்தைப் பயன்படுத்தலாமா?

பெரும்பாலோர் பயன்படுத்தலாம். இது மருத்துவர் கருப்பைக்குள் பொருத்தும் 'டி' வடிவச் சிறு சாதனம். செம்புச் சாதனத்தில் ஹார்மோன் இல்லை. செம்பு விந்தணுக்களைச் செயலிழக்கச் செய்கிறதே தவிர, இரத்தச் சர்க்கரையைத் தொடுவதில்லை. ஹார்மோன் சாதனமோ, வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் எல்லா அறைகளையும் குளிரூட்டாமல் ஓர் அறையில் மட்டும் மின்விசிறியைச் சுழலவிடுவதுபோல, மருந்தைப் பெரும்பாலும் கருப்பைக்குள்ளேயே செயல்பட வைக்கிறது. மாதவிடாய்ப் போக்கையும் குறைக்கிறது (செம்பு சிலருக்கு அதைக் கூட்டும்).

நீரிழிவால் கண், சிறுநீரகம், இரத்தக்குழாய் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை இரத்த உறைவு அபாயத்தைக் கூட்டக்கூடும் என்பதால், இச்சாதனங்களைப் பற்றியே முதலில் பேசுவது நல்லது என்பேன். பலதுறை மருந்தகத்தில் சர்க்கரைப் பரிசோதனைக்குச் செல்லும் நாளிலேயே கேட்கலாம்.

நீரிழிவு இருந்தால் சாதனத்தால் கிருமித்தொற்று நிச்சயம் என்பது தவறான எண்ணம். தொற்று அபாயம் எவருக்கும் பொருத்திய முதல் மூன்று வாரங்களில்தான் சற்றே கூடுகிறது.