கைக்கு எட்டாத அலமாரிகள்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: சமையல் மேடைக்கு அடியில் கடப்பா கல் தட்டுகள், இரண்டடி ஆழம். பின்னால் இருக்கும் டப்பாவை எடுக்க முன்னால் உள்ளதையெல்லாம் இறக்க வேண்டியிருக்கிறது. மாடுலர் கிச்சன் போட வசதியில்லை. வேறு வழி உண்டா? (வாசகி, மதுரை)

பதில்: உண்டு. கல்லை உடைக்காமலே தட்டுக்குள் இழுப்பறை வைக்கலாம். கடப்பாவில் துளை போட்டால் கல் விரிசல் விடலாம். அதனால் 18 மி.மீ. பிளைவுட்டில் அடி, முதுகு, இரண்டு பக்கம் மட்டும் உள்ள ஒரு கூட்டைச் செய்து உள்ளே தள்ளி, அதன் பக்கப் பலகைகளில் டெலஸ்கோப்பிக் சேனலை (இழுப்பறை முன்னும் பின்னும் ஓடும் தண்டவாளம்) முடுக்கச் சொல்லுங்கள். கீழ்த்தட்டு என்றால் தரை கழுவும் தண்ணீர் படும், ஐ.எஸ். 710 முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் பிளைவுட்டாகக் கேட்டு வாங்குங்கள்.

வேலை கெடுவது அளவில்தான். கடப்பா தடுப்புகள் சரியான செங்குத்தாக நிற்பது அபூர்வம். முன்னால், நடுவில், பின்னால் என மூன்று இடத்தில் அகலத்தை அளந்து, மிகக் குறைந்ததைக் கணக்கில் எடுங்கள். அது 560 மி.மீ. என்றால், கூடு உள்ளே நுழைய 4 கழியுங்கள். பக்கப் பலகைகளுக்கு 36, சேனல் இரண்டுக்கும் 26. மீதம் 494; இதுதான் இழுப்பறையின் வெளி அகலம். இதைவிட 2 மி.மீ. கூடினாலே சேனல் இறுகி, இழுக்கும்போது முரண்டு பிடிக்கும். சற்றுக் குறைந்தால் கவலையில்லை, சேனலுக்குப் பின்னால் மைக்கா துண்டு கொடுத்துச் சரிசெய்யலாம். இரண்டு சேனலும் ஒரே உயரத்தில் இருக்க, ஒரே அளவில் வெட்டிய மரத்துண்டுகளை அடியில் வைத்துக்கொண்டு முடுக்க வேண்டும்.

முன்னால் கதவு இருக்கிறதா? திறந்த கதவின் ஓரம் வழியை மறிக்கும். கீல் உள்ள பக்கம் மரப்பட்டி அடித்து, சேனலை அதன்மேல் பொருத்துங்கள். பட்டியின் தடிமனையும் அகலத்தில் கழிக்க மறக்காதீர்கள். இரண்டடி ஆழத்துக்கு 20 அங்குல சேனல் சரியாக இருக்கும். அரிசி, பருப்பு வைப்பதால் 45 கிலோ தாங்கக்கூடியதே நல்லது. இழுப்பறையின் பக்கம் 5 அங்குல உயரம் போதும்.

கேள்வி: சிங்க்குக்குக் கீழே கதவு போட்டதிலிருந்து கரப்பான் தொல்லை. அடிப்பலகையும் உப்பிவிட்டது. (வாசகர், திருச்சி)

பதில்: உப்பியது பார்ட்டிகிள் போர்டாக (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) இருக்கும். வெட்டிய ஓரத்தில் ஈரம் ஏறினால் அது மீளாது. அடிப்பலகைக்கு மல்டிவுட் (பி.வி.சி. பலகை) போடுங்கள். ஆனால் கீலை அதில் முடுக்க வேண்டாம், ஸ்க்ரூ பிடிமானம் குறைவு, கதவு சீக்கிரம் தொங்கிவிடும். பலகையை மாற்றுமுன் கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும். கீழே நியூஸ்பேப்பரை விரித்து, சிங்க்கை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். பேப்பரில் சொட்டு விழுந்த இடத்துக்கு நேர்மேலே உள்ள நட்டு, வாஷரைப் பாருங்கள். கரப்பான் பெரும்பாலும் வேஸ்ட் பைப் சுவருக்குள் போகும் இடுக்கு வழியாக வருகிறது. அதை எம்-சீல் வைத்து அடைத்துவிடுங்கள். பைப்புக்கு இருபுறமும் ஒடுக்கமான ட்ரே ஒவ்வொன்று வைத்தால் சோப்பு, பிரஷ் எல்லாம் அடங்கும். வெங்காயம், உருளை அங்கே வேண்டாம். ஈரத்தில் முளைவிடும், அழுகும்.

கேள்வி: பரணில் பித்தளைப் பாத்திரங்களை அடுக்கலாமா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: பரண் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட் பலகை என்பதால், கனமானவற்றைச் சுவரை ஒட்டியே வையுங்கள். விளிம்பில் இலேசான பொருள்கள் மட்டும். பின்சுவருக்கு அப்பால் குளியலறை என்றால் மட்டும், ஈரம் படாமலிருக்க இரண்டு அங்குலம் இடைவெளி விடுங்கள். அட்டைப்பெட்டி கூடவே கூடாது, கரையான் வரும்.

கேள்வி: சிலிண்டர் அறையில் பாதி இடம் காலி. தட்டு அடித்து மளிகை வைக்கலாமா? (வாசகி, சேலம்)

பதில்: தட்டு வேண்டாம். ரெகுலேட்டரை மூட கை தடையின்றிப் போக வேண்டும். தோசைக்கல், தாம்பாளம் போன்றவற்றை ஓரமாகச் சாய்த்து வைக்கலாம், டியூப் மடங்கக்கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். அது வெளியேற, கதவின் அடிப்பகுதியில் ஜாலி (ஓட்டைகள் உள்ள தடுப்பு) கட்டாயம் வேண்டும். மிக்ஸிக்கான பிளக் பாயின்ட் அந்த அறைக்குள் இருந்தால் முதலில் அதை வெளியே மாற்றுங்கள்.