எந்த க்ளவுஸ், எத்தனை அவுன்ஸ்? – வாசகர் கேள்வி பதில்

என் மகளுக்கு 13 வயது, எடை 42 கிலோ. பள்ளியில் பாக்ஸிங் பயிற்சி தொடங்கியிருக்கிறார்கள். கடையில் 8, 10, 12, 16 என்று எண் போட்ட க்ளவுஸ்களைக் காட்டி, "சின்னக் கைதானே, 8 போதும்" என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, குளச்சல்

அந்த எண் கையின் அளவு அல்ல. ஒரு க்ளவுஸின் எடை எத்தனை அவுன்ஸ் என்பதைத்தான் அது சொல்கிறது. ஒரு அவுன்ஸ் 28 கிராமுக்குச் சற்று அதிகம். ஆக 8 அவுன்ஸ் என்றால் சுமார் 227 கிராம், 16 என்றால் சுமார் 454 கிராம். எடை கூடுகிறது என்றால் பெரும்பாலும் விரல் முட்டிகளுக்கு மேலே ஃபோம் கூடுகிறது என்று அர்த்தம்.

பயிற்சியாளர் பிடிக்கும் பேடில் மட்டும் குத்தப் போகிறாள் என்றால் 8 தப்பில்லை. ஆனால் சில மாதங்களில் இன்னொரு பிள்ளையோடு ஜோடி சேர்த்து ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை விடுவார்கள். அப்போது அந்த ஃபோம் காப்பாற்ற வேண்டியது எதிரே நிற்கும் குழந்தையின் முகத்தை. அதற்கு 8 போதவே போதாது. பேடுக்கும், தொங்கவிட்டுக் குத்தும் பைக்கும் 10, ஸ்பாரிங்குக்குக் குறைந்தது 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு ஒரே ஜோடிதான் வாங்க முடியும் என்றால் 12 வாங்குங்கள். பெரியவர்களில் 55 முதல் 70 கிலோ வரை உள்ளவர்கள் பைக்கு 12, ஸ்பாரிங்குக்கு 14 அல்லது 16 போடலாம். அதற்கு மேல் எடை உள்ளவர்கள் ஸ்பாரிங்கில் 16-க்குக் கீழே இறங்க வேண்டாம். போட்டிக்கான 10, 12 அவுன்ஸ் க்ளவுஸைப் பெரும்பாலும் நடத்துகிறவர்களே தந்துவிடுவார்கள், அதற்கென்று தனியாகச் செலவு செய்ய வேண்டியதில்லை.

நாகர்கோவில் கடைக்குப் போகும்போது மகளையும் கூட்டிப் போங்கள், கையில் சுற்றும் ராப் துணியையும் கொண்டு போங்கள். ராப் சுற்றிய கையோடுதான் போட்டுப் பார்க்க வேண்டும். விரல் நுனிகள் உள்ளே மேல் விளிம்பை லேசாகத் தொட வேண்டும், முஷ்டி சிரமமில்லாமல் மடங்க வேண்டும். பட்டையை ஒட்டிவிட்டுக் கையை உதறச் சொல்லுங்கள். உள்ளே கை வழுக்கினால் அது அவளுக்குப் பெரிது. வளர்கிற பிள்ளை என்று செருப்பு வாங்குவதைப் போல ஒரு அளவு கூட்டி வாங்கிவிடாதீர்கள். தொளதொளத்த க்ளவுஸில் முஷ்டி புரண்டு மணிக்கட்டு மடங்கும். கட்டைவிரல் உறை உள்ளங்கைப் பக்கத்தோடு ஒரு துண்டால் இணைத்துத் தைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். தனியே விரிந்து நிற்கும் கட்டைவிரல் எதிராளியின் கண்ணில் குத்தும், சுளுக்கிக்கொள்ளவும் செய்யும்.

வீட்டுப் பின்னால் பலா மரத்தில் மணல் சாக்கைக் கட்டி, ஆன்லைனில் வாங்கிய 10 அவுன்ஸ் க்ளவுஸ் போட்டுக் குத்துகிறேன். எடை 68 கிலோ. சுண்டுவிரல் முட்டியிலும் மணிக்கட்டிலும் வலி. க்ளவுஸை மாற்றினால் சரியாகுமா?
– வாசகர், மார்த்தாண்டம்

முதலில் மாற்ற வேண்டியது சாக்கு. மணல் அடியில் இறங்கி இறுகிவிடும். நம் ஊர் மழையில் நனைந்தால் இன்னும் கெட்டி. அந்த இடத்தில் எந்த க்ளவுஸும் தாங்காது. மணலைக் கொட்டிவிட்டு, தையல் கடையில் கழியும் வெட்டுத் துணியை வாங்கி, பொத்தான், ஜிப் எல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு, ஒரு சாண் உயரத்துக்கு ஒருமுறை கட்டையால் இடித்து இறுக்கி நிரப்புங்கள். மொத்தம் 30 முதல் 35 கிலோ வந்தால் உங்கள் எடைக்குப் போதும்.

அடுத்தது குத்து விழும் இடம். ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகளில் விழ வேண்டும். இவற்றின் பின்னால் உள்ளங்கையில் ஓடும் எலும்புகள் மணிக்கட்டோடு அசையாமல் இறுகியிருக்கும். சுண்டுவிரல் எலும்பு மெலிந்தது, அசைந்து கொடுக்கும். பக்கவாட்டில் வீசும் குத்து அங்கே விழுந்தால் முட்டிக்குச் சற்றுக் கீழே முறியும். 'பாக்ஸர் ஃப்ராக்ச்சர்' என்பது இதைத்தான். முஷ்டி மடக்கும்போது சுண்டுவிரல் முட்டி மட்டும் அமுங்கித் தெரிந்தாலோ, புறங்கை வீங்கியிருந்தாலோ உடனே எக்ஸ்ரே எடுங்கள். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்புப் பிரிவு இருக்கிறது. நம் குமரி மாவட்டத்தில் அடிபட்டால் வர்ம ஆசானிடம் போய் எண்ணெய் போட்டுத் தடவுவது வழக்கம். விரிசல் இல்லை என்று படம் பார்த்துத் தெரிந்த பிறகு போங்கள், அதற்கு முன் அந்த இடத்தைத் தடவவோ இழுக்கவோ விடாதீர்கள்.

இதெல்லாம் சரியான பிறகு 12 அல்லது 14 அவுன்ஸ் வாங்குங்கள். முட்டிப் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தி விடுங்கள். குழி உடனே மேலெழ வேண்டும், மறுபக்கம் உங்கள் விரல் தட்டுப்படக் கூடாது. மணிக்கட்டுப் பட்டை அகலமாக, கையை ஒரு சுற்றாவது முழுதாகச் சுற்றுவதாக இருக்கட்டும்.

ராப் 4.5 மீட்டர் நீளம் வாங்குங்கள். கட்டைவிரலில் வளையத்தை மாட்டி, புறங்கை வழியாக இறக்கி, மணிக்கட்டில் 3 சுற்று, முட்டிகள் மேல் 3 சுற்று. பிறகு விரல் இடுக்குகள் ஒவ்வொன்றிலும் நுழைத்து மணிக்கட்டுக்குத் திருப்பி, கட்டைவிரலை ஒருமுறை சுற்றி, மிச்சத்தை மணிக்கட்டிலேயே முடியுங்கள். சுற்றும்போது விரல்களை விரித்தே வைத்திருக்க வேண்டும். மடக்கிய கையில் சுற்றினால் பிறகு விரியாது, விரல் மரத்துப்போகும்.

லேஸ் நல்லதா, வெல்க்ரோ நல்லதா? தோலா, ரெக்ஸினா?
– வாசகர், தக்கலை

லேஸ் மணிக்கட்டை நன்றாகப் பிடிக்கும். ஆனால் கட்டிவிட இன்னொருவர் வேண்டும். தினசரிப் பயிற்சிக்கு வெல்க்ரோ போதும். வாரம் 2 நாள் பயிற்சி என்றால் நல்ல ரெக்ஸின் தாங்கும். தினமும் என்றால் மீரட், ஜலந்தர் தயாரிப்புகளிலேயே நல்ல தோல் க்ளவுஸ் கிடைக்கிறது. மடிப்புகளில் வெடிக்காமல் நெடுநாள் வரும்.

மழைக்காலத்தில் க்ளவுஸ் நாறுகிறது, உள்ளே பூஞ்சை பிடிக்கிறது. துவைக்கலாமா?
– வாசகர், கருங்கல்

துவைக்கக் கூடாது. ஃபோம் தண்ணீரைக் குடித்தால் நம் ஊர் ஈரக்காற்றில் காயவே காயாது. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்பதால் இங்கே கவனம் இரட்டிப்பாக வேண்டும். பயிற்சி முடிந்த அரை மணிக்குள் பையிலிருந்து வெளியே எடுத்து, உள்ளே உலர்ந்த துணியால் துடைத்து, பழைய செய்தித்தாளைத் திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் அந்தத் தாளை எடுத்துவிட்டு, வாயை விரித்து, ஃபேன் காற்றில் தொங்கவிடுங்கள். வெயிலில் போட்டால் தோல் வெடிக்கும். இரவில் சிரட்டைக் கரியைத் துணியில் முடிந்து உள்ளே வைத்தால் ஈரத்தையும் நாற்றத்தையும் இழுக்கும். பூஞ்சை பிடித்திருந்தால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, பிழிந்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். தோல் மினுங்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் பூச வேண்டாம், பிசுக்காகி தூசிதான் ஒட்டும்.

ராப் துணியைத் தினமும் துவைத்து இரண்டு ஜோடியாக மாற்றிப் போட்டாலே பாதி நாற்றம் வராது. அத்தனையும் செய்த பிறகும் உள்துணி கிழிந்து ஃபோம் வெளியே தெரிந்தால், அந்த க்ளவுஸைப் போட்டுக்கொண்டு இன்னொருவரோடு ஸ்பாரிங் இறங்காதீர்கள்.