கேளுங்கோ சொல்லுறம்: டிசம்பர்ல நிலாவெளி சரிவருமா?

கேள்வி: டிசம்பர் லீவுக்கு பிள்ளையளோட திருகோணமலை வர இருக்கிறம். நிலாவெளியில குளிச்சு, புறாத்தீவுக்கும் போகலாமா? கொழும்பில அந்த நேரம் கடல் நல்லாத்தானே இருக்கும்?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: அங்கதான் சிக்கலே அக்கா. உங்கட பக்கம் கடல் அடங்கிற நேரம்தான் எங்கட பக்கம் எழும்பும். மே தொடங்கி செப்டெம்பர் மட்டும் தென்மேல் பருவக்காத்து உங்களுக்கு மழையைக் கொட்டிப்போட்டு மலைநாட்டைத் தாண்டி இங்கால இறங்கேக்க ஈரமெல்லாம் போயிடும், அதோட தரையில இருந்து கடலுக்கு வீசுறதால கரையில அலை பெரிசா வராது, நிலாவெளி குளம் மாதிரி கிடக்கும். நீர்கொழும்புப் பக்க மீனவர் கூட அந்த மாசங்கள்ல கிழக்கில வந்து வாடி (கரையில தங்கிற கொட்டில்) போட்டுத் தொழில் செய்யிறது சும்மா இல்ல.

ஒக்டோபருக்குப் பிறகு கதை மாறிடும். வாடைக்காத்து வங்காள விரிகுடாவில இருந்து நேரா எங்கட கரைக்குத்தான் வரும், வருசத்து மழையில பெரும்பகுதியும் ஜனவரிக்குள்ள பெய்ஞ்சு முடிஞ்சிடும். புயலும் இந்த நேரம்தான். 1964 டிசம்பர்ல தனுஷ்கோடியை அழிச்ச புயல் எங்கட வடகிழக்கைக் கடந்துதான் அங்க போனது, 2020 டிசம்பர் 2ம் திகதி புரெவியும் திருகோணமலைக்கு வடக்கால கரையேறினது. வருசா வருசம் அப்பிடி எண்டில்ல, ஆனா காத்து கூடினா புறாத்தீவுக்கு போட் ஓடாது, ஓடினாலும் கலங்கின தண்ணிக்குள்ள பவளப்பாறையைத் தேடித்தான் பாக்கோணும். டிசம்பர்ல தான் வருவம் எண்டா கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகளோட நில்லுங்கோ. கடல் வேணுமெண்டா ஆகஸ்ட் லீவு.

கேள்வி: போன ஜூலை வந்தனாங்கள், காத்து அடிச்சும் உடம்பு எரியுது, ஏன்?
- வாசகர், கண்டி

பதில்: அதுதான் கச்சான் காத்து, மேல சொன்ன அதே தென்மேல் காத்து. உங்கட மலையில இருந்து இறங்கி வரேக்கதான் அது சூடாகுது, கோவிக்க வேணாம். வெள்ளன குளிச்சிட்டு மத்தியானம் நிழலுக்க இருங்கோ. இன்னொண்டு, கடல் அமைதியா இருக்கெண்டு பிள்ளையளுக்கு காத்தடிச்ச டியூப் குடுத்து விடாதேங்கோ, அந்தக் கச்சான் காத்து சத்தமில்லாம கடலுக்குள்ளதான் இழுத்துக்கொண்டு போகும்.