பதில்: வேப்பமரக் கரண்டிகளோடு முதல் ஸ்டால்

60 வேப்பமரக் கரண்டி தயார், தேங்காய் எண்ணெய் தடவலாமா, விலை எப்படி வைப்பது என்று கேட்டிருந்தீங்க. சமையல் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகச் சிக்கு வாடை அடிக்கும். முதலில் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, எழும் நாரை 320 நம்பர் உப்புத்தாளால் தேய்ங்க. இதை விட்டால் வாங்கியவர் ஒரு தடவை கழுவியதுமே சொரசொரப்பாகிவிடும். பிறகு உணவுத்தர மினரல் ஆயில் (பெட்ரோலியத்திலிருந்து சுத்திகரித்த, வாடையில்லாத எண்ணெய்) 4 பங்கு, தேன்மெழுகு 1 பங்கு. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கித் தடவி, அரை மணி கழித்துத் துடைங்க.

விலையில் மரம், கூலியோடு ஸ்டால் வாடகையும் சேரணும். வாடகை 3,000, விற்பது 50 என்றால் கரண்டிக்கு வாடகை மட்டும் 60 ரூபாய். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஒவ்வொன்றிலும் விலைச்சீட்டு தொங்கட்டும், கேட்கக் கூச்சப்பட்டே சிலர் நகர்ந்துவிடுவாங்க. க்யூஆர் அட்டை இரண்டு, கொஞ்சம் சில்லறை போதும்.