தக்காளி விலை நோட்டும் பதினாறு லட்ச ரூபாய் சீட்டும்

ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து போன வாரம் ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்தது. அப்பா காய்கறி கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிறார், ஒன்றரை ஏக்கர் தோட்டமும் உண்டு. மகள் அரசுப் பள்ளியிலேயே படித்து, ப்ளஸ் டூவில் கணிதத்தில் 91 எடுத்திருக்கிறாள். கோவையில் மென்பொருள் வேலையில் இருக்கும் தாய்மாமா, ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸுக்கு நிர்வாக இடம் பேசி வைத்துவிட்டார். விடுதியோடு நான்கு வருடத்துக்கு 16 லட்சம். முன்பணம் 50,000 ரூபாய். "கட்டிடலாமா சார், நாள் முடியப் போகுது" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா அழுதேவிட்டார்.

அன்றைக்கு ஆறுதல்தான் நிறையச் சொன்னேன். அது போதாது என்று வீட்டுக்குப் போனபின் தோன்றியது. அதனால் ஐயா, உங்களுக்கு இதை எழுதுகிறேன். உங்களைப் போல் யோசித்துக்கொண்டிருக்கும் மற்ற வீடுகளும் படிக்கட்டும்.

முதலில் பணம். உங்களிடம் இருப்பது நான்கு லட்சம், மீதி 12 லட்சத்துக்குத் தோட்டப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாம் என்று சொன்னீர்கள். 10 சதவீத வட்டியில் ஏழு வருடத்தில் அடைப்பது என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 20,000 ரூபாய். படிக்கும் நான்கு வருடத்தில் ஏறும் வட்டி இதில் சேராது, அது தனி. இருபத்திரண்டு வயதில் முதல் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் தலையில் இதை வைக்கிறோம். அவளால் முடியாத மாதங்களில் அது உங்கள் தோட்டத்தின் மேல் விழும். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வழியாகப் பொறியியல் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது, அது வேறு பேச்சு. உங்கள் மைத்துனர் பேசியிருப்பது நிர்வாக இடம். அந்த உதவி அதற்கு வராது.

அடுத்து உங்கள் மகள். நீங்கள் பணக் கணக்குப் பேசிக்கொண்டிருந்தபோது அவள் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து என் மேசையில் வைத்தாள். பத்தாம் வகுப்பு விடுமுறையில் தொடங்கியதாம். நீங்கள் கொண்டுவரும் சிட்டையைப் பார்த்து, 14 கிலோ தக்காளிப் பெட்டி என்ன விலைக்குப் போனது, அன்றைக்கு எவ்வளவு வரத்து என்று இரண்டு வருடமாக எழுதி வைத்திருக்கிறாள். யாரும் சொல்லி எழுதியதில்லை. எதற்கு எழுதினாய் என்று கேட்டேன். "வரத்து ஜாஸ்தியானா விலை குறையணும்ல சார்? சில வாரம் ரெண்டும் சேர்ந்தே ஏறுது. அதான் ஏன்னு புரியல" என்றாள்.

இந்தக் கேள்விக்கு ஒரு படிப்பு இருக்கிறது. எக்கனாமெட்ரிக்ஸ் என்பார்கள், தமிழில் பொருளாதார அளவியல். அதிலும் தனி வீடு, தனிக் கடை, ஒரு விவசாயி, ஒரு தொழிலாளி எடுக்கும் முடிவுகளை உண்மையான தரவை வைத்து ஆராயும் நுண்பொருளியல் பக்கம் இவளுக்காகவே இருப்பது போல் எனக்குப் படுகிறது.

அவள் நோட்டில் இருக்கும் சிக்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். வரத்து கூடினால் விலை இறங்கும் என்பது உண்மை. ஆனால் நேற்று விலை நன்றாகப் போனது என்று கேள்விப்பட்டால் இன்றைக்கு நான்கு ஊரிலிருந்து கூடுதலாக லோடு வந்து இறங்குமே, அதுவும் உண்மை. விலை வரத்தை இழுக்கிறது, வரத்து விலையை இழுக்கிறது. இரண்டையும் சும்மா ஒரு வரைபடத்தில் போட்டால் எது எதற்குக் காரணம் என்று தெரியாது. ஒரு பக்கத்தை மட்டும் அசைக்கிற ஏதாவது ஒன்றைப் பிடிக்க வேண்டும். 1928-லேயே ஃபிலிப் ரைட் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் எண்ணெய்களின் இறக்குமதி வரியைப் பற்றி எழுதியபோது இந்த வழியைக் காட்டிவிட்டார். ஓணம் வந்தால் கேரளத்து வியாபாரிகள் கூடுவார்கள், தோட்டத்தில் செடி அதற்காகக் கூடுதலாகக் காய்க்காது. ஆக ஓணம் வாங்குகிற பக்கத்தை மட்டும் தள்ளுகிறது. மழை பறிப்பைக் கெடுக்கும், ஆகவே அது விற்கிற பக்கத்தைத் தள்ளுகிறது.

இதை நான் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் மகள் குறுக்கிட்டாள். "தென்மேற்கு மழைன்னா கேரளாவுலயும் பெய்யும் சார். அங்க கடைக்கு ஆள் வராது, வண்டியும் கம்மியாத்தான் வரும். அப்ப மழை ரெண்டு பக்கத்தையும் தொடுதுல்ல?" என்றாள். ஐயா, எம்.ஏ. முதலாண்டு வகுப்பில் ஆசிரியர்கள் மாதக்கணக்கில் பாடுபட்டு வரவழைக்கும் சந்தேகம் அது. நீங்கள் அப்போது "பெரியவங்க பேசுறப்ப சும்மா இரு பாப்பா" என்றீர்கள். இனி அப்படிச் சொல்லாதீர்கள்.

டேட்டா சயின்ஸ் மோசமான படிப்பு என்று நான் சொல்லவில்லை. நாளைக்குத் தக்காளி என்ன விலை போகும் என்று கணிக்க அதில் நல்ல கருவிகள் உண்டு. இவள் கேட்பது "ஏன்" என்று. அந்தக் கேள்விக்கான பயிற்சி வேறு இடத்தில் இருக்கிறது.

அந்தப் பயிற்சி எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் புரிய ஒரு சம்பவம். வடகேரளக் கடற்கரையில் மத்தி பிடிக்கிறவர்கள் முன்பெல்லாம் அவரவர் கரையிலேயே விற்பார்கள். 1997 ஜனவரி 14 அன்று வடகரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டும் நிலையில் நின்றார்கள். அதே காலையில், 15 கிலோமீட்டருக்குள் இருந்த பக்கத்துக் கரைகளில் மீன் வாங்க வந்த 27 பேர் கிடைக்காமல் திரும்ப இருந்தார்கள். ஒருவருக்கொருவர் தெரியாது. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் 1996 முதல் 2001 வரை 300 படகுகளை வாராவாரம் கணக்கெடுத்திருந்தார். அந்த இடைவெளியில்தான் செல்போன் வந்தது, எல்லா இடத்துக்கும் ஒரே நாளில் வரவில்லை. கோழிக்கோட்டுக்கு 1997, கண்ணூருக்கு 1998, காசர்கோட்டுக்கு 2000. இந்த இடைவெளிதான் ஆய்வின் உயிர். கோழிக்கோட்டில் மட்டும் பார்த்திருந்தால் மாற்றம் பருவத்தால் வந்ததா, மீன்பாட்டால் வந்ததா, போனால் வந்ததா என்று சொல்லவே முடியாது. போன் இன்னும் வராத காசர்கோடு ஒப்பிட்டுப் பார்க்க இருந்தது. பிறகு அங்கேயும் போன் வந்ததும் அதே மாற்றம் நடந்தது. எந்தக் கரையில் வாங்க ஆள் இருக்கிறது என்று போனில் கேட்டு மீனை அங்கே கொண்டுபோனார்கள். கரைக்குக் கரை இருந்த விலை வித்தியாசம் சுருங்கியது. அதுவரை தினமும் 5 முதல் 8 சதவீத மீன் வீணாகிக்கொண்டிருந்தது, அது ஏறக்குறைய நின்றுபோனது. மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. இரண்டு பக்கமும் பிழைத்தார்கள்.

நம் ஊரிலும் இப்படிக் கேட்க எவ்வளவோ இருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில்தான் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. முந்திப் பெற்ற பள்ளிக்கும் பிந்திப் பெற்ற பள்ளிக்கும் வருகைப் பதிவில் என்ன வித்தியாசம்? அந்த முதல் பள்ளிகளைக் குலுக்கல் போட்டு எடுக்கவில்லை, மலைக் கிராமம், மாநகராட்சி என்று பார்த்து எடுத்தார்கள். அப்படியானால் ஒப்பீடு எந்த அளவுக்குச் செல்லும்? உங்கள் மகள் மல்லுக்கட்ட வேண்டியது இந்த மாதிரி கேள்விகளோடுதான். 2021-ஆம் ஆண்டு பொருளாதார நோபல் பரிசு டேவிட் கார்ட், ஜோஷுவா ஆங்ரிஸ்ட், கைடோ இம்பென்ஸ் மூவருக்கும் இந்த வகை வேலைக்காகவே கிடைத்தது.

சரி, வழி என்ன? இங்கேதான் கவனம் வேண்டும். பி.ஏ. பொருளாதாரம் என்ற பெயர் இருக்கிற எல்லா இடமும் இதற்கு உதவாது. பல கல்லூரிகளில் கணிதமே தொடாமல் மூன்று வருடம் ஓடிவிடும். பிறகு முதுகலை நுழைவுத் தேர்வில் நுண்கணிதம் கேட்டால் பிள்ளை திணறும். பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். கணிதமும் புள்ளியியலும் குறைந்தது நான்கு பருவமாவது இல்லையென்றால் அங்கே சேர்க்க வேண்டாம். அதைவிட என் விருப்பம் பி.எஸ்சி. புள்ளியியல், இல்லாவிட்டால் பி.எஸ்சி. கணிதம். பொருளாதாரத்தைத் துணைப்பாடமாகவோ தானாகவோ படித்துக்கொள்ளலாம். சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் துறை இருக்கிறது. தூரம் அனுப்ப மனமில்லை என்றால் பக்கத்திலேயே காந்திகிராமம் இருக்கிறது, மதுரையில் லேடி டோக் இருக்கிறது. அரசுக் கல்லூரி என்றால் ஒரு வருடக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும்.

இந்தப் பட்டத்தோடு நிறுத்தினால் நான் சொல்லும் வேலைகள் கிடைக்காது. இதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். முதுகலை கட்டாயம், ஆக மொத்தம் ஐந்து வருடம். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் அளவுசார் பொருளாதார முதுகலை இருக்கிறது. அங்கே கல்விக் கட்டணம் கிடையாது, மாதந்தோறும் உதவித்தொகையும் உண்டு. நுழைவுத் தேர்வு கடினம்தான், இவள் மோதிப் பார்க்கலாம். கோட்டூர்புரத்தில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸ், மும்பையில் ரிசர்வ் வங்கி தொடங்கிய இந்திரா காந்தி வளர்ச்சி ஆய்வு நிறுவனம், டெல்லி ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸ் என்று மற்றவையும் இருக்கின்றன. உங்களிடம் இருக்கும் நான்கு லட்சம் அந்த இரண்டு வருடத்துக்கு இருக்கட்டும்.

வேலை? ரிசர்வ் வங்கியின் ஆய்வுத் துறை, யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணி, வங்கிகளில் கொடுத்த கடன் திரும்பி வருமா என்று கணக்கிடும் பிரிவுகள், விலை நிர்ணயிக்க ஆள் தேடும் இணைய வணிக நிறுவனங்கள், ஜே-பால் போன்ற கள ஆய்வு அமைப்புகள். கள ஆய்வில் முதல் இரண்டு வருடம் வெயிலில் அலைச்சல், கேள்வித்தாளைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது என்றே போகும். அங்கே உங்கள் மகளுக்கு ஒரு பலம் உண்டு. மண்டியில் கமிஷன் எப்படிப் பிடிக்கிறார்கள், சிட்டையில் எழுதாத கழிவு எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். டெல்லியில் உட்கார்ந்து கேள்வித்தாள் எழுதுகிறவருக்கு அது தெரியாது.

மாமாவிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். அவர் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த 20,000 ரூபாய்த் தவணையை அவர் கட்டப் போவதில்லை. அந்த வகுப்பில் உட்காரப் போவதும் அவர் இல்லை. அவள் முன்னாலேயே அவரிடம் இதைச் சொல்லுங்கள். தயக்கமாக இருந்தால் என் எண்ணைக் கொடுங்கள், நான் பேசுகிறேன்.

முன்பணம் கட்டாதீர்கள். பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு இணையத்தில் இன்றே விண்ணப்பியுங்கள். பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்திருந்தால் அதுவும் இருக்கட்டும், முடிவை அவள் எடுப்பாள். கல்லூரி திறக்கும் வரை அவள் சும்மா இருக்க வேண்டாம். புள்ளிவிவரங்களை அலசும் ஆர் (R) என்ற மென்பொருள் இலவசம். மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு இருக்கிறது. ஏறக்குறைய 2.61 லட்சம் வீடுகள், வீடு வாரியாக, காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். திறந்தால் வெறும் எண்களாகக் கொட்டும், பயப்பட வேண்டாம். தமிழ்நாட்டு வீடுகளை மட்டும் பிரித்து, தக்காளிக்கு எவ்வளவு செலவழித்தார்கள் என்று எடுக்க முடிகிறதா என்று அவள் பார்க்கட்டும். அப்புறம் அந்த நோட்டில் இந்த வருடமும் ஓணத்துக்கு முந்தைய மூன்று வாரத்தை விடாமல் எழுதச் சொல்லுங்கள். கூடவே ஒரு கட்டம் புதிதாகப் போடட்டும்: அன்றைக்குப் பாலக்காட்டில் மழையா, இல்லையா.