ஃபெராரியின் விலை இறங்காதா?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் மருந்துக்கடை நடத்துகிறேன். வயது 51. இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இரண்டு பழைய வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2011ஆம் ஆண்டு மசெராட்டி கிரான்டூரிஸ்மோ. ஜோகன்னஸ்பர்க் டீலர் 7 லட்சம் ராண்ட் கேட்கிறார். மற்றது அதே ஆண்டு ஃபெராரி கலிஃபோர்னியா. அம்ஷ்லாங்காவில் ஒரு தனியாரிடம் இருக்கிறது, விலை 16 லட்சம். “மசெராட்டி விலை விழுந்துகொண்டே போகும், ஃபெராரி போட்ட பணத்தைத் திருப்பித் தரும்” என்கிறார் அவர். கையில் 9 லட்சம் சேமிப்பு இருக்கிறது. மீதியை, வீட்டுக் கடனில் முன்கூட்டியே கட்டி வைத்த தொகையிலிருந்து எடுக்கலாம். கடையின் பெயரில் வாங்கினால் வரி மிச்சமாகுமா? என் மனைவிக்கு இதில் துளியும் சம்மதம் இல்லை, ஐயா.

பதில்: யானை இறந்தாலும் ஆயிரம் பொன் என்பதுதான் விற்பவரின் வாதம். இருக்கும்வரை யானைக்குத் தீனி போட வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை.

அவர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொண்டு கணக்குப் போடுவோம். உங்கள் வீட்டுக் கடன் வட்டி 10.5 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன். சேமிப்பாக இருந்தாலும், கடன் கணக்கில் எடுப்பதாக இருந்தாலும், காரில் போடும் ஒவ்வொரு ராண்டும் அந்தக் கடனைக் குறைத்திருக்கக்கூடிய ராண்ட்தான். 16 லட்சத்துக்கு ஆண்டு வட்டி 1,68,000. ஐந்து ஆண்டு கழித்து 15 லட்சத்துக்கு விற்றீர்கள் என்றால் ஆண்டுக்கு இன்னும் 20,000 சேரும், ஆக 1,88,000. மசெராட்டிக்கு வருவோம். அது 7 லட்சத்திலிருந்து 4.5 லட்சத்துக்கு விழட்டும். ஆண்டுக்கு 50,000 இழப்பு, வட்டி 73,500, மொத்தம் 1,23,500. விலை விழாத வண்டி, விழுகிற வண்டியைவிட ஆண்டுக்கு 64,500 ராண்ட் அதிகமாகத் தின்கிறது. இரண்டும் சமமாக வேண்டுமானால் அந்த ஃபெராரியை ஐந்து ஆண்டு கழித்து 18 லட்சத்து 22 ஆயிரத்துக்கு யாராவது வாங்க வேண்டும். காப்பீட்டையும் சர்வீஸையும் நான் இன்னும் தொடவே இல்லை.

அப்படி வாங்குவார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை. பழைய ஃபெராரிகளில் விலை ஏறுபவை எவை என்று பாருங்கள்: எண்ணிக்கையில் குறைவானவை, கைக்கியர் உள்ளவை, டர்போ இல்லாத வி8 எஞ்சினின் கடைசித் தலைமுறையான 458 போன்றவை. 360, எஃப்430 ஆகியவற்றில்கூட கைக்கியர் வண்டிக்குத்தான் தனி மவுசு. கலிஃபோர்னியா 2008 முதல் 2014 வரை தாராளமாகவே விற்ற வண்டி. கைக்கியரில் வந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை, நீங்கள் பார்த்தது நிச்சயம் அதுவல்ல. வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டு வண்டிகளின் வி8 எஞ்சினும் எஃப்136 என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மசெராட்டியின் எஞ்சினும் ஃபெராரி செய்ததுதான். கிராங்க் ஷாஃப்ட் வேறு, சத்தம் வேறு. விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு மூக்கில் இருக்கும் குதிரைச் சின்னத்துக்கு.

நம் தென்னாப்பிரிக்காவில் இன்னொரு மயக்கம் உண்டு. பழைய கார்களை இறக்குமதி செய்ய, ஊர் திரும்புவோர் போன்ற சிலருக்குத்தான் அனுமதி, அதனால் வெளிநாட்டுப் பழைய வண்டிகள் வந்து இங்கே விலையைக் குறைப்பதில்லை. ராண்ட் சரிந்தால் புதிய வண்டியின் விலை ஏறும். அதைப் பிடித்துக்கொண்டு பழையதும் நிற்கும். பார்ப்பவருக்கு மதிப்பு காப்பாற்றப்பட்டது போலத் தோன்றும். பணவீக்கம் 4 சதவீதம் என்றால், ஐந்து ஆண்டு கழித்துக் கிடைக்கும் 16 லட்சத்தின் வாங்கும் சக்தி இன்றைய 13.15 லட்சம்தான். (இதை வட்டிக் கணக்கோடு மறுபடி கூட்டாதீர்கள், வட்டிக்குள்ளேயே அது இருக்கிறது.) விளம்பரத்தில் காண்பது கேட்கும் விலை. விற்ற விலையை அறிய, டீலர்கள் வைத்திருக்கும் விலைக் கையேட்டில் வியாபார மதிப்பையும் (டீலர் வாங்கும் விலை) சில்லறை மதிப்பையும் (டீலர் விற்கும் விலை) கேட்டுப் பாருங்கள்.

மசெராட்டி மலிவு என்றும் மயங்க வேண்டாம். வண்டியின் விலை பாதிக்கும் கீழே போனாலும் உதிரிபாகத்தின் விலை இறங்குவதில்லை. அது யூரோவில் வருகிறது. இந்த மாடலில் இரண்டு வகைக் கியர்பாக்ஸ் உண்டு. இசட்எஃப் ஆட்டோமேட்டிக் என்றால் பேசலாம். ரோபோ கிளட்ச் (மிதி இல்லாமல் தானே இயங்கும் கிளட்ச்) உள்ள எம்சி ஷிஃப்ட் என்றால், கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைக் கணினியில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கலிஃபோர்னியாவின் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் பழுதானால் செலவு வேறு ரகம்.

கடையின் பெயரில் வாங்கும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். பயணிகள் காருக்கு வாட் உள்ளீட்டு வரவு (வாங்கும்போது கட்டிய வாட் வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை) கிடையாது. நிறுவனத்தின் வண்டியை நீங்கள் ஓட்டினால் அதன் விலையில் மாதம் 3.5 சதவீதம் உங்கள் வரிக்குரிய வருமானத்தில் சேரும். 16 லட்சத்துக்கு மாதம் 56,000! சொந்தப் பெயரில், சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தால் விற்கும்போது லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. நஷ்டத்தைக் கழிக்கவும் வழியில்லை.

அம்ஷ்லாங்கா வண்டி தனியாரிடம் இருக்கிறது. ஃபூட்ஸ்டூட்ஸ், உள்ளது உள்ளபடி விற்பனை. மறைந்திருந்த பழுதுக்கு அவரைப் பிடிப்பது கடினம். டீலரிடம் வாங்கினால் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதம் வரை பழுதுபார்க்கவோ மாற்றவோ பணத்தைத் திரும்பப் பெறவோ கேட்கலாம்.

என் பரிந்துரை இதுதான்: வீட்டுக் கடனைத் தொடாதீர்கள். அந்த விஷயத்தில் உங்கள் மனைவி சொல்வதே சரி. மசெராட்டியைச் சேமிப்பிலிருந்து வாங்கி, குறைந்தது 2 லட்சத்தைப் பழுதுக்கென்று தனியே வையுங்கள். பதிவுச் சான்றில் குறியீட்டு எண் 2 (பயன்படுத்திய வண்டி) இருக்க வேண்டும். குறியீட்டு எண் 3 என்றால் சேதமாகி மறுபடி கட்டிய வண்டி. 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது அது டர்பனில் இருந்ததா என்றும் சர்வீஸ் புத்தகத்தில் தேடுங்கள். காப்பீட்டை, முன்கூட்டியே இருதரப்பும் ஒப்புக்கொண்ட மதிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

பேரத்தை 6 லட்சத்து 20 ஆயிரத்தில் தொடங்குங்கள். டீலருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக் லிஃப்டில் ஏற்றிப் பார்த்த பிறகே கையெழுத்து. அதற்கு டீலர் ஒப்பவில்லை என்றால் முன்பணம் கொடுக்காமல் ஊர் திரும்பிவிடுங்கள்.